துவைத்து மாட்டும் ஏர் ஃபில்டர்: பஞ்சை விட்டு விளிம்பைப் பாருங்கள்

எடுத்துக்கொண்ட வண்டி 1.6 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ இல்லாத பெட்ரோல் கார். ஏர்பாக்ஸ் மூடியைத் தாண்டியதும் குழாயில் காற்றளவு சென்சார் இருக்கிறது. பட்டறையில் அதை எம்ஏஎஃப் என்பார்கள். காகித ஃபில்டரைக் கழற்றிவிட்டு, அதே பெட்டிக்குள் அதே அளவில், துவைத்துப் பயன்படுத்தும் ஃபில்டரைப் போடுவதுதான் வேலை. மாட்டுவதற்குப் பத்து நிமிடம் போதும். எதை வாங்குவது, போட்டபின் சரியாக உட்கார்ந்ததா என்பதற்குத்தான் நேரம் பிடிக்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருப்பது ஏர்கான் ஃபில்டர். அது பயணிகளின் மூக்குக்கு. இங்கே பேசுவது பானட்டுக்கு அடியில் இருக்கும் என்ஜின் ஃபில்டர். "ஏர் ஃபில்டர் மாற்றியாச்சு" என்று பில்லில் இருந்தால் எதை மாற்றினார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சிங்கப்பூரில் என்ஜின் எவ்வளவு புழுதி தின்கிறது?

ஃபில்டர் விளம்பரங்களில் பாலைவன ஜீப் ஓடும். நம் வண்டி ஓடுவதோ பிஐஇ விரைவுச்சாலையில். ஆகவே எந்த ஃபில்டர் என்று கேட்பதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட வேண்டும்.

ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். என்ஜின் ஓடும் நேரம் 500 மணி. நகர ஓட்டத்தில் இந்த அளவு என்ஜின் சராசரியாக விநாடிக்குப் பத்து கிராம் காற்று இழுக்கிறது என்று தாராளமாகவே எடுத்துக்கொள்ளலாம். அது மணிக்கு 36 கிலோ, ஏறத்தாழ 31 கனமீட்டர். ஆண்டுக்கு 15,500 கனமீட்டர். சாலையோரக் காற்றில் கனமீட்டருக்கு 50 மைக்ரோகிராம் தூசு என்று கொஞ்சம் கூட்டியே போட்டாலும், ஓர் ஆண்டில் ஃபில்டருக்கு வந்து சேரும் தூசு 0.8 கிராம்கூட இல்லை. ஒரு சிட்டிகை. பூச்சி, இலைச்சருகு, கட்டுமானத் தளத்துக்குப் பக்கத்தில் கிளம்பும் மண் எல்லாம் சேர்த்து இதை ஐந்து மடங்காக்கினாலும் நான்கு கிராம். கார் ஃபில்டர் ஒன்று மூச்சு முட்டுவதற்கு முன் பல பத்து கிராம் தாங்கும்.

புகைமூட்டம்? 2013 ஜூன் 21 அன்று காற்றுத் தரக் குறியீடு 401-ஐத் தொட்டது பலருக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட இரண்டு வாரங்களில் 20 மணி நேரம் வண்டி ஓட்டி, காற்றில் சராசரி 250 மைக்ரோகிராம் இருந்தது என்று கொண்டால், ஃபில்டருக்கு வந்த மொத்தம் 0.16 கிராம். அதிலும் பெரும்பகுதி ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான கரித்துகள். புகைமூட்டம் முடிந்ததும் என்ஜின் ஃபில்டரை மாற்றச் சொல்கிறவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம். அப்போது மாற்ற வேண்டியது ஏர்கான் ஃபில்டர்.

கடற்பாலம் தாண்டினால் கதை கொஞ்சம் மாறும். ஜோகூரில் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் லாரிக்குப் பின்னால் போகும்போது காற்றில் கனமீட்டருக்கு 5 மில்லிகிராம் புழுதி இருந்தால், ஒரே மணி நேரத்தில் 155 மில்லிகிராம் உள்ளே வரும். மேலே போட்ட ஆண்டுக் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு. வாரந்தோறும் அப்படிப் போகிறவர்கள் இந்தப் பதிவில் பின்னால் வரும் மாற்றும், துவைக்கும் இடைவெளிகளைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

காகிதமா, துவைக்கும் ஃபில்டரா என்ற சண்டையில் இந்தக் கணக்கு இரண்டு பக்க வாதத்தையும் சிறிதாக்கிவிடுகிறது. எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் 98 விழுக்காடு பிடிக்கிறது, காகிதம் 99.5 பிடிக்கிறது என்றால், காகிதத்தைவிட நான்கு மடங்கு தூசு உள்ளே போகிறது என்பது உண்மைதான். ஆனால் 0.8 கிராமில் அது 16 மில்லிகிராமுக்கும் 4 மில்லிகிராமுக்கும் உள்ள வித்தியாசம். இதற்காகச் சண்டை போடுகிறவர்கள் கவனிக்காமல் விடுவது ஃபில்டரின் விளிம்பை. ரப்பர் விளிம்பு சரியாக உட்காராமல் நூற்றில் இரண்டு பங்கு காற்று பக்கவாட்டில் போனால், 99.5 ஃபில்டரும் 97.5 ஆகிவிடும். அந்த இடுக்கில் பொடித் தூசு மட்டுமல்ல, பருமணலும் வடிகட்டப்படாமல் அப்படியே போகும். பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் புகுந்து சுரண்டுவது 5 முதல் 20 மைக்ரான் வரையுள்ள மண் துகள்கள்தான்.

என்ன வகைகள்

நான்கு வகை கிடைக்கிறது. பருத்தி வலைத்துணியைச் சில அடுக்குகளாக அலுமினியக் கம்பிவலைக்கு நடுவில் மடித்து எண்ணெய் தடவியது முதல் வகை. அமெரிக்காவின் கே அண்ட் என், இத்தாலியின் பிஎம்சி இரண்டும் இதில் பழைய பெயர்கள். இங்கே எண்ணெய்தான் பாதி வேலை செய்கிறது. துணியின் கண்கள் பெரியவை. தூசு வளைந்து நெளிந்து போகும்போது எண்ணெய் பூசிய இழையில் ஒட்டிக்கொள்கிறது. எண்ணெய் இல்லாத பருத்தி ஃபில்டர் வெறும் கொசுவலை.

இரண்டாவது, எண்ணெய் வேண்டாத செயற்கை இழை. ஏஇஎம் நிறுவனத்தின் டிரைஃப்ளோ இந்த வகை. துவைத்து, காயவைத்து, மாட்டினால் முடிந்தது. எம்ஏஎஃப் இருக்கும் வண்டிக்கு, அதிலும் எண்ணெய் அளவில் பொறுமை இல்லாதவர்களுக்கு, எங்கள் தேர்வு இதுவே.

மூன்றாவது ஃபோம், பைப்பர்கிராஸ், ஐடிஜி என்ற பிரிட்டிஷ் பெயர்கள் இதில் தெரிந்தவை. நன்றாகவே வடிகட்டும். ஆனால் பாலியூரித்தேன் நுரைக்கு வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் ஆகாது. பாலியெஸ்டர் வகை நுரை ஈரத்தில் மெல்ல மெல்லச் சிதையும். நம் ஊரில் ஆண்டு முழுக்க இரண்டும் உண்டு. ஃபோம் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு சர்விஸிலும் ஓரத்தை விரலால் கிள்ளிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தாலோ, அமுக்கிய பள்ளம் எழும்பி வராவிட்டாலோ தூக்கிப் போட வேண்டியதுதான். உதிர்ந்த நுரை போகும் இடம் என்ஜின்.

நான்காவது, வெறும் துருப்பிடிக்காத எஃகு வலை. பளபளப்பாக இருக்கும், "ஆயுள் முழுக்க" என்பார்கள். வலையின் கண்ணே பல பத்து மைக்ரான். 10 மைக்ரான் மணலுக்கு அது திறந்த வாசல். சாலை வண்டிக்கு இதை வாங்கவே வேண்டாம்.

பெட்டியில் "99 விழுக்காடு" என்று அச்சடித்திருந்தால் எந்தத் தூசில் சோதித்தார்கள் என்று பாருங்கள். ஐஎஸ்ஓ 5011 என்பது ஏர் ஃபில்டர் சோதனை முறை. அதற்கான சோதனைத் தூசு ஐஎஸ்ஓ 12103-1 வரையறைப்படி வரும். ஏ2 என்றால் பொடி, ஏ4 என்றால் பருமன். ஒரே ஃபில்டர் பருந்தூசில் அதிக எண்ணும் பொடித்தூசில் குறைந்த எண்ணும் காட்டும். தூசின் பெயரே இல்லாத விழுக்காடு பேரத்துக்குச் சொன்ன எண்.

குதிரைத்திறன் கிடைக்குமா

1.6 லிட்டர் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவை இழுக்கும். 6,000 சுற்றில் நிமிடத்துக்கு 4,800 லிட்டர். சிலிண்டர் 90 விழுக்காடு நிரம்புகிறது என்றால் 4,320 லிட்டர். ஏறத்தாழ 150 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி), விநாடிக்கு 83 கிராம். ஃபில்டர் 300 சிஎஃப்எம் விடும் என்று கடைக்காரர் சொன்னால் மகிழ்ச்சி, அதைக் கேட்க இந்த என்ஜினிடம் வாய் இல்லை.

முழு வேகத்தில் காகிதத்தால் ஏற்படும் அழுத்த இழப்பு 1 கிலோபாஸ்கல், புதிய ஃபில்டர் அதைப் பாதியாக்குகிறது என்று வைப்போம். வெளிக்காற்று 101 கிலோபாஸ்கல். லாபம் அரை விழுக்காடு. 90 கிலோவாட் என்ஜினில் அரை கிலோவாட்டுக்கும் குறைவு. அதுவும் பெடலைத் தரையோடு அழுத்தும்போது மட்டும். சாதாரண ஓட்டத்தில் காற்றை நெரிப்பது பெடலுக்கு ஏற்பத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு, ஃபில்டர் அல்ல. அதனால்தான் பெட்ரோல் மிச்சமாகும் என்ற பேச்சு எடுபடுவதில்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் இதைச் சோதித்தது. இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களில் அடைத்துப்போன ஃபில்டர்கூட எரிபொருள் செலவைச் சொல்லும்படி மாற்றவில்லை, வேகமெடுப்புதான் குறைந்தது. அடைத்த ஃபில்டருக்கே அப்படி என்றால், சுத்தமான காகிதத்துக்கும் சுத்தமான பருத்திக்கும் நடுவில் பெட்ரோல் பில்லில் எதைத் தேடுவது?

வெப்பம் செய்கிற வேலை இதைவிடப் பெரிது. உள்ளே போகும் காற்று 3 டிகிரி சூடேறினால் அடர்த்தி ஏறக்குறைய ஒரு விழுக்காடு குறையும். பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு வடிவத் திறந்த ஃபில்டர் போட்டால், நெரிசலில் அது பானட்டுக்கு அடியில் உள்ள சூட்டைத்தான் குடிக்கும். 35 டிகிரி வெளிக்காற்றுக்குப் பதில் 55 டிகிரிக் காற்று போனால் அடர்த்தியில் ஆறு விழுக்காட்டுக்கு மேல் நஷ்டம். சத்தம் மட்டும் கூடும்; அந்தச் சத்தத்தைத்தான் பலர் சக்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஃபில்டரைத் தாழ்வாக பம்பருக்குள் இறக்கி வைத்தால் சூடு குறையும், ஆனால் திடீர் வெள்ளத்தில் தண்ணீரை உறிஞ்சும். சிலிண்டருக்குள் தண்ணீர் அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட்தான் வளையும். ஏர்பாக்ஸுக்குள் போகும் தட்டை ஃபில்டரைத் தாண்டி எதைச் செய்வதானாலும், வாங்கும் முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் வாகன மாற்ற விதிகளைப் படித்துவிடுங்கள். மூன்று வயது தாண்டிய கார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பத்து வயது தாண்டியது ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போகத்தானே வேண்டும்.

காசுக் கணக்கு: சிஓஇயில் எவ்வளவு மிச்சம்?

கணக்குக்காக: காகித ஃபில்டர் 25 வெள்ளி, 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது. துவைக்கும் ஃபில்டர் 110 வெள்ளி, துப்புரவுத் திரவமும் எண்ணெயும் 35 வெள்ளி. 145-ஐ 25-ஆல் வகுத்தால் 5.8. அதாவது 1,16,000 கிலோமீட்டர் ஓடினால்தான் போட்ட காசு திரும்பும். ஆண்டுக்கு 15,000 ஓட்டுகிறவருக்கு ஏழே முக்கால் ஆண்டு. சிஓஇ (வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்று) முடிய நான்கு ஆண்டு இருக்கும் வண்டிக்கு இது நஷ்டக் கணக்கு. ஆண்டுக்கு 50,000 கிலோமீட்டர் ஓடும் தனியார் வாடகைக் காருக்கு இரண்டேகால் ஆண்டில் திரும்பிவிடும். உங்கள் கடையின் விலையைப் போட்டு இதே வகுத்தலைச் செய்துகொள்ளுங்கள். எண்ணெய் வேண்டாத வகையில் 35 வெள்ளியில் பெரும்பகுதி மிச்சம்.

கடையில் கையில் வாங்கிப் பார்க்க வேண்டியவை

பழைய காகித ஃபில்டரை ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அதன் சட்டத்தில் பாகத்தின் எண் இருக்கும். அதை வைத்துத்தான் தேட வேண்டும், வண்டியின் பெயரை வைத்தல்ல. ஒரே பெயரில் ஓடும் இரண்டு தலைமுறை வண்டிகளுக்கு ஏர்பாக்ஸ் வேறாக இருக்கும். ஏஜென்ட் மூலம் வந்ததும் இணை இறக்குமதியில் வந்ததும்கூட என்ஜினில் வேறுபடலாம்.

இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். நீளம் அகலத்தைவிட முக்கியம் விளிம்பின் தடிமன். பழையதன் விளிம்பு புதியதைவிட அமுங்கியே இருக்கும் என்பதால், முடிந்தால் கடையில் உள்ள புதிய காகித ஃபில்டரோடு ஒப்பிடுங்கள். துவைக்கும் ஃபில்டரின் விளிம்பு ஒரு மில்லிமீட்டர் மெலிந்தாலும் மூடி அதை இறுக்கிப் பிடிக்காது. தடித்தால் கிளிப் உடையும். நான்கு மூலையையும் விரலால் தடவுங்கள். வார்ப்பில் பிசிறோ காற்றுக் குமிழிப் பள்ளமோ மூலையில்தான் இருக்கும். மேசைமேல் வைத்து அழுத்தினால் ஆடக்கூடாது. கண்ணுக்கு நேராக வெளிச்சத்தில் பிடித்தால் பருத்தி வலையில் ஒளிப்புள்ளிகள் தெரியும், அது குற்றமில்லை. துணிக்கும் சட்டத்துக்கும் நடுவில் கோடாக ஒளி வந்தால் அதை வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.

கரோசல் விற்பனைத் தளத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் பழையதை வாங்குவதானால் மடிப்புகளை விரித்துப் பார்க்க வேண்டும். கம்பிவலை வளைந்திருந்தால் யாரோ அதிக அழுத்தத் தண்ணீர் அடித்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும், வண்டியில் போடும் முன், சமையலறைத் தராசில் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் துல்லியம் போதும். ஆலையில் எண்ணெய் தடவி வந்த அந்த எடைதான், பின்னால் எண்ணெய் எவ்வளவு தடவுவது என்பதற்கு ஒரே நம்பகமான அளவு. பல பேர் இதைச் செய்வதில்லை. இரண்டாவது துவைப்பில் தலையைச் சொறிகிறார்கள்.

மாட்டுவது

மாட்டும் முன் பத்து நிமிடம் ஓபிடி ரீடரில் (வண்டியின் கம்ப்யூட்டரில் செருகி எண்களைப் படிக்கும் கருவி) செலவழியுங்கள். என்ஜின் நன்றாகச் சூடானபின், ஏர்கானை அணைத்து, ஐடிலில் (பெடலைத் தொடாத ஓட்டம்) ஒருமுறையும் 2,500 சுற்றில் ஒருமுறையும் மூன்று எண்களைக் குறியுங்கள்: எம்ஏஎஃப் விநாடிக்கு எத்தனை கிராம், குறுகியகால எரிபொருள் திருத்தம், நீண்டகால எரிபொருள் திருத்தம். திருத்தம் என்பது கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும் விழுக்காடு. இது இல்லாமல் பிறகு "ஃபில்டர் போட்டதிலிருந்து வண்டி ஒரு மாதிரி இருக்கிறது" என்று சொல்வதில் பயனில்லை.

என்ஜின் ஆறியபின் கிளிப்புகளை விடுவியுங்கள். ஆறேழு வயதான வண்டியில் பிளாஸ்டிக் காய்ந்து மொறமொறவென்று இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பாமல் கட்டை விரலால் தள்ளுங்கள். மூடியைத் தூக்கும்போது எம்ஏஎஃப் கம்பி இழுபடாமல் பார்க்க வேண்டும், நீளம் போதாவிட்டால் கனெக்டரைக் கழற்றிவிடலாம்.

பெட்டியின் கீழ்ப்பாதி அழுக்குப் பக்கம். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தும் வண்டி என்றால் அதன் சிற்றிலைகள் குவிந்திருக்கும். சில நேரம் எறும்புக் கூடும் கரப்பான் பூச்சியும். வேக்கூம் வைத்து உறிஞ்சி, ஈரத்துணியால் துடையுங்கள். தண்ணீர் வடியும் சிறு துளை அடியில் இருந்தால் குச்சியால் குத்தி அடைப்பெடுங்கள். மேல்பாதி சுத்தப் பக்கம். அதை ஒரு வெள்ளைத் துணியால் தனியாகத் துடைத்து, துணியைப் பாருங்கள். பழுப்பு மண் ஒட்டினால் பழைய ஃபில்டரும் கசிந்திருக்கிறது; பெட்டியின் உதடு வளைந்திருக்கலாம். அந்தக் கோளாறைச் சரிசெய்யாமல் எந்த ஃபில்டரைப் போட்டாலும் வீண்.

புதிய ஃபில்டரின் விளிம்பில் லித்தியம் கிரீஸை மெல்லிய படலமாக, விரல் பளபளக்கும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். சிலிக்கோன் ஸ்ப்ரே வேண்டாம். அதன் ஆவி ஆக்ஸிஜன் சென்சாரைக் கெடுக்கும். மடிப்பின் திசை பழையதைப் போலவே இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் அழுக்குப் பக்கம் மேலே வரும், கூடவே எம்ஏஎஃப் மீது காற்று சுழன்று அளவு தடுமாறும்.

மூடும் முன் காகிதத்துண்டுச் சோதனை. ரசீதுத் தாளை விரல் அகலத்துக்கு வெட்டி, விளிம்புக்கும் மூடிக்கும் நடுவில் வைத்துக் கிளிப்பைப் போட்டு இழுங்கள். நான்கு பக்கமும் நான்கு மூலையும், மொத்தம் எட்டு இடம். எங்கே தாள் சுலபமாக உருவி வருகிறதோ அங்கே கசிவு. சோதனை முடிந்ததும் தாளை வெளியே எடுத்துவிட்டீர்களா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

ஏன் இவ்வளவு சோதனை, கசிந்தால் கம்ப்யூட்டர் காட்டாதா என்றால், காட்டாது. ஃபில்டர் விளிம்பில் கசியும் காற்று எம்ஏஎஃப்புக்கு முன்னால்தான் நுழைகிறது. சென்சார் அதையும் சேர்த்தே அளக்கிறது, பெட்ரோல் சரியாகவே போகும், விளக்கு எரியாது. என்ஜினுக்கு மண் மட்டும் போய்க்கொண்டிருக்கும். ஆகவே 1,000 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி மூடியைத் திறந்து சுத்தப் பக்கத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி வெள்ளையாகவே வந்தால் வேலை முடிந்தது. விளிம்பை ஒட்டி விசிறி போல ஒரு பழுப்புத் தடம் இருந்தால் அது கசிவின் கையெழுத்து. சந்தேகம் தீராவிட்டால் அடுத்த ஆயில் மாற்றத்தில் பழைய ஆயிலைச் சோதனைக்கு அனுப்பலாம். மணலில் உள்ள தனிமமான சிலிகானின் அளவு முந்தைய முறையைவிட ஏறியிருந்தால் மண் போகிறது. அண்மையில் சிலிக்கோன் சீலன்ட் போட்டு ஏதாவது பழுதுபார்த்திருந்தாலும் அந்த எண் ஏறும் என்பதை நினைவில் வையுங்கள்.

துவைப்பது

அதிகம் கெடுப்பது அழுக்கல்ல, அக்கறை. ஒவ்வொரு 10,000 கிலோமீட்டருக்கும் துவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எந்த ஃபில்டரும் புதிதாக இருக்கும்போதுதான் குறைவாக வடிகட்டும். மேலே படியும் தூசே அடுத்த தூசைப் பிடிக்க உதவுகிறது. அடிக்கடி துவைத்தால் அந்த உதவியை அடிக்கடி கழுவிவிடுகிறீர்கள், ஒவ்வொரு முறையும் எண்ணெய் அளவு தவறும் வாய்ப்பு வேறு. கே அண்ட் என் தன் தட்டை ஃபில்டர்களுக்குச் சாலை ஓட்டத்தில் 50,000 மைல், அதாவது 80,000 கிலோமீட்டர் வரை சொல்கிறது. நம் ஊர்க் கணக்குக்கு 40,000-இல் துவைப்பது போதும். இடையில் திறந்து இலையைத் தட்டிவிட்டால் சரி. சாம்பல் நிறம் அடைப்பின் அடையாளம் அல்ல. கம்பிவலையே தெரியாதபடி புழுதி மூடினால்தான் அது.

எங்கே துவைப்பது என்பது இங்கே ஒரு கேள்விதான். கார்பார்க் ஓரத்துச் சாக்கடை மழைநீர் வடிகால். அது நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி. கழிவுநீர்க் குழாய் வேறு. எண்ணெய்த் தண்ணீரை வடிகாலில் விடாமல், வீட்டுக் கழிவறையில் வாளி வைத்துச் செய்யுங்கள்.

தட்டி உதறியபின் துப்புரவுத் திரவத்தை இரண்டு பக்கமும் தெளித்துப் பத்து நிமிடம் விடுங்கள், காயவிடாமல். பிறகு குழாய்த் தண்ணீர், மெதுவாக, சுத்தப் பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கத்துக்கு. எதிர்த்திசையில் விட்டால் அழுக்கை இழைக்குள் இன்னும் ஆழமாக அறைகிறீர்கள். பெட்ரோல், டர்பன்டைன், சூடான தண்ணீர், அழுத்தக் குழாய், கம்ப்ரஸர் காற்று எதுவும் கூடாது. துணி வெடிக்கும், அல்லது விளிம்பு ரப்பர் ஊதிப் பெருத்துப் பெட்டியில் அடங்காது. எண்ணெய் வேண்டாத வகைக்கும் இதே முறை. இந்த இடத்தில் இன்னொன்று: பட்டறையில் காகித ஃபில்டருக்கு "ஏர் அடித்துக்" கொடுப்பார்கள். காகித இழை கிழிவது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

காயவைப்பதில்தான் நம் வானிலை குறுக்கே நிற்கும். பாலைவன நாட்டில் மதியத்துக்குள் காய்வது இங்கே ஓர் இரவு எடுக்கும், டிசம்பர் மழையில் இரண்டு. ஹேர் டிரையர் வேண்டாம், பருத்தி சுருங்கும். சற்றுத் தள்ளி மின்விசிறியை வைத்து, ஃபில்டரைச் செங்குத்தாக நிறுத்துங்கள். துணிக்கொம்பில் வெளியே தொங்கவிடாதீர்கள்; சீனர்களின் ஏழாம் மாதத்தில் கீழே படையல் காகிதம் எரித்தால் சாம்பல் நேரே மடிப்புக்குள் வரும். காய்ந்ததா என்பதைக் கையால் தொட்டு முடிவு செய்ய முடியாது. தராசில் வையுங்கள், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி வையுங்கள். எடை மாறாவிட்டால் காய்ந்துவிட்டது. ஈரத்தின் மேல் எண்ணெய் தடவினால் ஈரமான இடத்தில் எண்ணெய் இறங்காது, அங்கே வெறும் கொசுவலையே மிஞ்சும்.

எண்ணெய்: ஸ்ப்ரே என்றால் ஏழெட்டு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து ஒரு மடிப்புக்கு ஒரே ஓட்டம். 20 நிமிடம் விட்டுப் பின்பக்கம் பார்த்தால் நிறம் பரவியிருக்கும். வெளிறிய இடத்துக்கு மட்டும் இன்னொரு தொடல். இப்போது தராசில் வையுங்கள். வாங்கிய அன்று குறித்த எடைக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். கூடிவிட்டால் வெள்ளைத் தாளின்மேல் இரவு முழுக்க வைத்து வடியவிடுங்கள், தாளில் புதிதாகக் கறை படிவது நின்றபின்தான் வண்டிக்கு. என்ஜின் ஆயில், சமையல் எண்ணெய் எல்லாம் பதிலாகாது. இழையில் நிற்காமல் காற்றோடு கிளம்பிவிடும்.

கோளாறு வந்தால்

அதிக எண்ணெய் எம்ஏஎஃப்பின் சூடான கம்பியில் படிந்து, அதன்மேல் தூசு ஒட்டி, கம்பிக்குப் போர்வை போர்த்தியது போல ஆகிவிடும். முழு ஓட்டத்தில் காற்றைக் குறைத்துக் காட்டும், பெட்ரோல் குறையும், பி0171 அல்லது பி0101 என்ற கோளாறுக் குறியீடு வரும். ரீடரில் அடையாளம் இது: ஐடிலில் நீண்டகாலத் திருத்தம் சாதாரணமாக இருந்து, சுமை ஏற ஏற கூட்டல் பத்து விழுக்காட்டுக்கு மேல் போகும். ஐடிலில் அதிகமாகி 2,500 சுற்றில் குறைந்தால் ஃபில்டரைக் குறை சொல்ல வேண்டாம். எம்ஏஎஃப்புக்குப் பின்னால் எங்கோ குழாய் கசிகிறது, மூடியைப் போட்டபோது கிளாம்ப் நழுவியிருக்கலாம். பழைய எண்களோடு இரண்டு மூன்று புள்ளி வித்தியாசம் என்றால் விட்டுவிடுங்கள்.

சென்சாரைச் சுத்தம் செய்ய எம்ஏஎஃப் கிளீனர் என்று எழுதிய டப்பா மட்டும். பிரேக் கிளீனரும் கார்புரேட்டர் கிளீனரும் பிளாஸ்டிக்கைத் தின்னும். இரண்டு சிறு திருகைக் கழற்றி, கம்பியைத் தொடாமல் பத்துப் பதினைந்து முறை தெளித்து, முழுதாக உலரவிட்டு மாட்டுங்கள். பஞ்சுக்குச்சி வைத்துத் துடைத்தவர்கள் புது சென்சார் வாங்கினார்கள்.

டர்போ வண்டிக்காரர்கள் குழாயைத் திறந்து உள்ளே எண்ணெய்ப் பசை பார்த்ததும் ஃபில்டரைத் திட்டுவதுண்டு. பெரும்பாலும் அது பிசிவி (என்ஜினுக்குள் சேரும் ஆவியைத் திரும்பக் காற்றுக் குழாய்க்கு விடும் வழி) வழியாக வரும் என்ஜின் ஆயில் ஆவி. பசை பிசிவி குழாய் சேரும் இடத்துக்குப் பின்னால் மட்டும் இருக்கிறதா, ஃபில்டர் வரை இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

வாரண்டி இருக்கும் வண்டியில் சர்விஸுக்கு விடும் முன் காகித ஃபில்டரை மாட்டி அனுப்புவது வசதி. எம்ஏஎஃப் கெட்டால் முதல் பேச்சு உங்கள் ஃபில்டரைப் பற்றியதாக இருக்கும். அதற்காகவே கழற்றிய காகிதத்தை, ஓரளவு சுத்தமாக இருந்தால், பையில் கட்டி வையுங்கள். சிஓஇ முடிந்து வண்டியை ஒப்படைக்கும் நாளிலும் அது வேண்டியிருக்கும்: பழையதை உள்ளே போட்டுவிட்டு, துவைத்ததை எடை எழுதிய ஒட்டுத்தாளோடு அடுத்தவருக்கு விற்றுவிடலாம்.